சரி பண்ணிய கை

திருச்செங்கோடு
4.8.2025

அன்பு மகள் தமிழினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் இங்கே சௌக்கியமாக இருக்கிறோம். பெங்களூர்க் குளிரில் உன் சளி எப்படி இருக்கிறது? ராத்திரிக்கு வெறும் பன்னைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

ஆடிப்பெருக்குக்கு வருவாய் என்று அம்மா கச்சாயம் சுட்டு வைத்தாள். ஆபீசில் லீவு தராவிட்டால் நீ என்ன செய்வாய், கச்சாயத்தை நான் தின்றேன். நீ வந்து எடுத்துக்கொள்வாய் என்று வீட்டில் கிடந்த, கோயம்புத்தூரில் கட்டி வந்த உன் பேஸ் கிடாரைப் பெங்களூர் லோடு போகும் லாரியில் பத்திரமாக ஏற்றிவிட்டேன். பெட்டிக்குள் மேலாகவே இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். முதலில் இதைப் படி. அப்புறம் துணியை விலக்கிப் பார். அப்பாவுக்கு ஒரு முத்தம் கொடுக்கத் தோன்றும்.

ஒரு குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன். நீ திறக்க வேண்டாம் என்ற பெட்டியைத் திறந்துவிட்டேன். “ஏனுங்க, தொறக்க வேண்டாம்னு புள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சுங்கல்ல?” என்று அம்மா தடுத்தாள். முப்பது வருசமாக லாரிக்குப் பாடி கட்டுகிறவன் வீட்டில், ஆளுக்கு அளவெடுத்துக் கட்டிய சாமான் ஒன்று வந்து கிடந்தால், திறக்காமல் இருக்க நான் என்ன முனிவனா?

வேலை படு சுத்தம். பலா மரம். தடவினால் கை வழுக்குகிறது. ஆனால் சாமி, அந்த ஆள் மாற்றிக் கட்டிவிட்டான்! போனில் தேடிப் பத்துக் கிடார்ப் படம் பார்த்தேன். எல்லாருக்கும் கிடாரின் கழுத்து இடது கைப் பக்கம் நீள்கிறது. உன்னுடையது வலப்பக்கம். எல்லாருக்கும் தடித்த தந்தி மேலே இருக்கிறது. உன்னுடையதை அதேபோலப் பிடித்தால் அடியில் வருகிறது. திருகும் குமிழ்கள் தலைகீழாக மேலே நிற்கின்றன.

சந்தேகத்துக்குச் சூரமங்கலம் நவநீதகிருஷ்ணனுக்குப் படம் அனுப்பினேன். கோயில் கச்சேரிகளில் கிடார் வாசிக்கிறவர். “ஏனுங்க, உங்க பொண்ணு நொட்டாங்கைங்களா?” என்றார். “அதெல்லாம் ரெண்டாங் கிளாசுலயே சரி பண்ணியாச்சுங்க” என்றேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆக, தப்பு கட்டியவன்மேல்தான் என்று முடிவாகிவிட்டது.

நம் பட்டறை ராசுவை உட்காரவைத்து மூன்று நாளில் எல்லாவற்றையும் நேராக்கிவிட்டேன். தந்திகளை மாற்றிப் போட்டோம். கழுத்து முனையில் தந்தி உட்காரும் வெள்ளைத் துண்டை அரம் போட்டு ராவினோம். குமிழ்களுக்கு இந்தப் பக்கம் புதுத் துளை, பழைய துளைக்குப் பட்டி பூசி அடைப்பு. உடலின் அடியில் கழுத்தோரமாகத் துருத்திக்கொண்டு தொடையில் இடித்த நீளக் கொம்பை அறுத்தாயிற்று. ராசு மட்டும், “மொதலாளி, இத்தன வழுவழுன்னு இழைச்சவன் கொம்ப மட்டும் தப்பா வெப்பானுங்களா?” என்று இழுத்தான். “அறுடா” என்றேன். மேலே மூன்று கோட்டிங் பெயின்ட். லாரிக்கு அடிக்கிற பெயின்ட், பத்து மழைக்கு நிற்கும்.

இப்படிக்கு, பத்தாவதை இரண்டு தடவை எழுதியும் பத்தாவதோடு நின்றுபோன உன் அப்பா,
செல்லமுத்து


பெங்களூர்
8.8.2025

அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. அம்மாவை மட்டும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்தேன். துணியை விலக்கவே பயமாக இருந்தது. விலக்கினேன். கொம்பு இருந்த இடத்தில் ஒரு மொட்டைக் குச்சி, அதன்மேல் பெயின்ட்.

யாரும் மாற்றிக் கட்டவில்லை. அது இடக்கைக் கிடார். நான்தான் அப்படிக் கட்டச் சொன்னேன். கட்டியவர் என் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து விரல் விரலாக அளந்தார். பதினான்கு மாதம் காத்திருந்தேன். கல்லூரியில் முதல்முறை ஒரு பேஸைக் கையில் கொடுத்தார்கள். அது தானாக இந்தப் பக்கம் திரும்பியது. வலது கை தந்தியை அழுத்துகிறது, இடது கை மீட்டுகிறது. ஐந்து வருடமாக அப்படித்தான் வாசிக்கிறேன். எங்கள் குழுவில் நான்கு பெண்கள், நான்தான் பேஸ். நான் வாசித்து நீங்கள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அதைக்கூட விடுங்கள். “ரெண்டாங் கிளாசுலயே சரி பண்ணியாச்சு” என்று யாரோ ஒருவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். அதை எனக்கே எழுதி அனுப்பியும் இருக்கிறீர்கள்.

உங்கள் நம்பரைப் பிளாக் செய்துவிட்டேன். போனில் பேசினால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்து மழுப்பிவிடுவீர்கள். சொல்ல இருந்தால் எழுதுங்கள்.

தமிழினி


திருச்செங்கோடு
19.8.2025

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. உன் கோபம் தவிர மற்றதெல்லாம் இங்கே சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இடக்கைக் கிடார் என்று உலகத்தில் ஒன்று உண்டு என்பது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. ஐம்பத்தைந்து வயதில் புதிதாக ஒன்று கற்றுக்கொண்டேன், அதற்கு உன் கிடாரைப் பீஸாகக் கட்டியிருக்கிறேன். பட்டறைக்குள் போனால் ராசு என் முகத்தைப் பார்க்காமல் சீவுளியைப் பார்த்துச் சிரிக்கிறான்.

அறுத்த கொம்பைத் தூக்கி எறியவில்லை. திருப்பி அனுப்பு, பெவிகால் போட்டு, உள்ளே இரும்புக் கம்பி கொடுத்து நிறுத்திவிடலாம். பத்து டன் லோடு தாங்கும்.

ரெண்டாம் வகுப்புச் சமாச்சாரத்தை ஏன் சாமி இழுக்கிறாய்? பெருமாயி டீச்சர் கட்டச் சொன்னார், நான் கட்டினேன். வெறும் இன்சுலேஷன் டேப்தானே. கரண்டே பாயாது, வலி எங்கே பாயப்போகிறது?

அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். அவளும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

அன்புள்ள அப்பா,
செல்லமுத்து


பெங்களூர்
30.8.2025

அப்பாவுக்கு,

டேப் ஜோக்கைப் படித்தேன்.

கிடாரை உங்களிடம் அனுப்பமாட்டேன். கட்டியவரிடமே அனுப்பிவிட்டேன். கழுத்தைக் காப்பாற்றலாம், உடல் போனதுதான் என்றார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

எனக்கு உங்களிடமிருந்து ஒன்றே ஒன்று வேண்டும். ரெண்டாம் வகுப்பில் என் கைக்கு என்ன செய்தீர்கள் என்று நீங்களே எழுதுங்கள். முழுசாக. ஒரு ஜோக்கூட இல்லாமல். அது வரும்வரை நான் ஊருக்கு வரமாட்டேன், உங்களோடு பேசவும் மாட்டேன்.

அம்மாவோடு தினமும் பேசுகிறேன். போனைப் பக்கத்திலிருந்து பிடுங்கிப் பேசலாம் என்று நினைக்காதீர்கள்.

தமிழினி


திருச்செங்கோடு
17.9.2025

அன்பு மகள் தமிழினிக்கு, அப்பா. மழை நன்றாகப் பெய்கிறது, காய்ச்சல் யாருக்கும் இல்லை. அங்கே எப்படி?

நீ கேட்டதை எழுதத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் ஒரு போர்வெல் லாரி வந்துவிட்டது. ஆந்திராவுக்குப் போகிற வண்டி. டிரைவர் ஆளே நாலே முக்கால் அடி. சீட்டில் உட்கார்ந்தால் ஸ்டீயரிங் மூக்கில் இடிக்கிறது. அவனுக்கு அளவெடுத்துச் சீட்டைத் தூக்கி, பெடலுக்குக் கட்டை வைத்து, நாள் போனதே தெரியவில்லை. போகும்போது, “உங்க கைக்குத் தங்கக் காப்புப் போடோணுங்க” என்றான். காப்பு என்றால் போலீஸ் போடுகிற காப்பு என்று இப்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அப்போது சின்னப் பிள்ளை. டீச்சர் சொன்னார். அந்தக் காலத்தில் டீச்சர் சொன்னால் மறுபேச்சு ஏது?

இடம் தீர்ந்துவிட்டது. மீதி பிறகு.

அப்பா


திருச்செங்கோடு
3.10.2025

தமிழினிக்கு,

நல்லபடியாக இருப்பாய் என்று நினைக்கிறேன். பதினாறு நாளாகப் பதில் இல்லை. ஆயுத பூஜைக்கு முதல் தடவையாக நீ இல்லாமல் பட்டறையில் பொரி கொடுத்தோம். வந்தவனெல்லாம் “பாப்பா வல்லீங்களா?” என்கிறான். நான் என்ன சொல்லட்டும்?

உனக்குத்தான் கோபம் வருமா? எனக்கும் வரும். நான் என்ன கொலையா செய்தேன்? அடித்தேனா? சூடு வைத்தேனா? பக்கத்து வீட்டில் அதே வயசுப் பையனுக்கு விரலில் மிளகாய் அரைத்துத் தடவினார்கள். உன் பெரியப்பா வீட்டு விருந்து உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. நீ ஆசையாக ஓடிப்போய் இடது கையால் அவர் இலையில் அப்பளம் வைத்தாய். அவர் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். சோறு பாதி கிடக்கிறது. பந்தி முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கிறது. “புள்ளய வளத்திருக்கிற லட்சணத்தப் பாரு” என்கிறார். அந்த இடத்தில் நீ நின்று பார்த்திருந்தால் தெரியும்.

நாளைக்கு இன்னொரு வீட்டில் உனக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் செய்தேன். அதற்கு ஒரு கிடாரை வைத்து என்னைக் கூண்டில் ஏற்றுகிறாய். எழுத முடியாது. போ.

செல்லமுத்து


பெங்களூர்
13.10.2025

அப்பாவுக்கு,

அந்த இடத்தில் நான் நின்றேன். அப்பளம் வைத்தவளே நான்தானே? பெரியப்பா இலையை மூடினார், நீங்கள் என் கையை மூடினீர்கள். அவரை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நீங்கள் எழுதாததால் நான் எழுதுகிறேன். ஆனி மாதத்தில் இருந்து தினமும் காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் பட்டறைக்குக் கூட்டிப்போய் என் இடது கையை முஷ்டியாக மடக்கிக் கறுப்பு டேப் சுற்றினீர்கள். “திருடனைப் புடிச்சாச்சு, ஜெயில்ல போட்டாச்சு” என்று பாட்டுப் பாடினீர்கள். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஏழு வயசு. எல்லாரும் சிரிக்கும்போது நாமும் சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன். சாயங்காலம் பிரிக்கும்போது தோலும் வரும்.

ஒருநாள் வகுப்பில் ஒரு கையால் பட்டனை அவிழ்க்க முடியாமல் நனைத்துக்கொண்டேன். பெருமாயி டீச்சர் மட்டும்தான் பார்த்தார். யாருக்கும் சொல்லாதீங்க டீச்சர் என்று கெஞ்சினேன். சரி சாமி என்றார். அன்றைக்குச் சாயங்காலமே பட்டறையில் நீங்கள் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். டீச்சரே சிரித்துக்கொண்டு சொன்னார் என்றீர்கள். அன்றிலிருந்து அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. பத்தொன்பது வருடமாக அந்தக் கதை நம் வீட்டு விருந்தில் ஒரு பதார்த்தம். பெரியப்பா வீட்டு யோகேஷ் அண்ணன் கல்யாணத்தில் பெண் வீட்டாரிடம்கூடச் சொன்னீர்கள். நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

டிரைவர் குட்டையாக இருந்தால் சீட்டைத் தூக்குகிறீர்கள். அவன் காலை இழுத்து நீட்டவில்லையே?

தமிழினி


திருச்செங்கோடு
2.11.2025

தமிழினிக்கு அப்பா எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும்.

இதோடு ஆறு தாள் கிழித்துவிட்டேன். எங்கிருந்தாவது ஒரு சிரிப்பு உள்ளே நுழைந்துவிடுகிறது. எனக்கு வேறு மாதிரி எழுத வராது என்று இப்போதுதான் தெரிகிறது. முயற்சி செய்கிறேன்.

நீ எழுதியது எல்லாம் நடந்தது. தோல் வந்ததும் தெரியும். அம்மா தேங்காய் எண்ணெய் தடவும்போது நான் வெளியே போய்விடுவேன்.

ஆனால் நீ நம்பியிருக்கிறதில் ஒன்று மட்டும் தப்பு. அது என்னால் வந்த தப்பு. டேப் சுற்றச் சொன்னது டீச்சர் இல்லை. யாருமே சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன். டீச்சர் உன் நோட்டுக்குள் ஒரு சீட்டு வைத்து அனுப்பியிருந்தார். “குழந்தையின் கையைக் கட்டாதீர்கள். அவள் அந்தக் கையில் அழகாக எழுதுகிறாள். நான் அப்படியே எழுதவிடுகிறேன்” என்று இருந்தது. அதைக் கிழித்துப் போட்டேன். டீச்சர்தான் இன்னும் இறுக்கிச் சுற்றச் சொல்கிறார் என்று உனக்கும் அம்மாவுக்கும் சொன்னேன். நீ யாரையாவது வெறுக்கத்தான் போகிறாய், அது டீச்சராக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

நேற்று அம்மாவிடம் இதைச் சொன்னேன். “எங்கிட்டயும் பொய்யாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

அப்பா


பெங்களூர்
7.12.2025

அப்பாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது.

ஒரு மாதமாகப் பதில் எழுதாததற்குக் காரணம், எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. சுவரில் தலையணையை அடித்துக்கொண்டு இருந்தேன் என்றால் நம்புவீர்களா? நீங்கள் சிரிப்பீர்கள். சிரிக்க வேண்டாம். பெருமாயி டீச்சரைப் பத்தொன்பது வருடம் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். கோயிலில் பார்த்தால் தூணுக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ராசிபுரம் போனேன். டீச்சர் ரிட்டயராகி மகள் வீட்டில் இருக்கிறார். நான் இன்னார் என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “இப்ப எந்தக் கையில எழுதற சாமி?” வலது கையில் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். கிடார் இடது கையில் என்றேன். “அப்புடிப் போடு” என்று தொடையில் தட்டினார்.

உங்கள் சீட்டுச் சமாச்சாரத்தைச் சொன்னேன். “ஒண்ணுன்னா எழுதியிருக்கறாரு உங்கப்பாரு? ரெண்டு குடுத்தனே கண்ணு. ரெண்டுக்கும் பதிலே வல்ல” என்றார். இரண்டாவதில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். “அத உங்கப்பாருகிட்டயே கேளு. அவரு வாயால வரட்டும்” என்றார்.

கேட்கிறேன். ஒன்றா, இரண்டா?

தமிழினி


திருச்செங்கோடு
12.12.2025

தமிழினிக்கு,

இரண்டு.

இரண்டாவதில் எழுதியிருந்தது இது. “குழந்தை இன்று ஒரு கையால் உடுப்பை அவிழ்க்க முடியாமல் வகுப்பிலேயே நனைத்துக்கொண்டாள். யாருக்கும் சொல்லக்கூடாது என்று என்னிடம் அழுதாள். நீங்களும் சொல்லிவிடாதீர்கள். அவளையும் இதுபற்றிக் கேட்காதீர்கள். டேப்பை மட்டும் எடுத்துவிடுங்கள்.”

டீச்சர் சிரித்துக்கொண்டு எதையும் சொல்லவில்லை. பட்டறையில் நின்று அந்தச் சீட்டைப் படித்தேன். படித்த இடத்திலேயே ராசுவைக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அதுதான் முதல் தடவை. நீ வாசலில் பையோடு நின்றதைப் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை.

டேப்பையும் எடுக்கவில்லை. கார்த்திகை வரைக்கும் சுற்றினேன்.

செல்லமுத்து


பெங்களூர்
10.1.2026

அப்பாவுக்கு,

பனியில் அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது என்றாள். டாக்டரிடம் கூட்டிப்போங்கள். நீங்களும் மாத்திரையை விடாதீர்கள்.

கடிதம் கிடைத்தது. அதில் ஜோக் இல்லை. கவனித்தேன்.

கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன், போகவில்லை. முன்பைவிட அதிகம். ஆனால் இத்தனை நாள் ஆள் மாறிப் போய்க்கொண்டிருந்தது, இப்போது உங்களிடம் வந்திருக்கிறது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கிடார் வந்துவிட்டது. பழைய கழுத்து, புது உடல், அதே பலா மரம். பெட்டியை நானே திறந்தேன். தோளில் மாட்டியதும் நீளக் கொம்பு நெஞ்சுக்கு மேலே சரியாக வந்து நின்றது. தடித்த தந்தியை ஒரே ஒரு தடவை மீட்டிவிட்டு அப்படியே விட்டேன். ஒலி அடங்குகிறவரை விலா எலும்பில் இருந்தது. அப்புறம் நான்கு மணி நேரம் கீழே வைக்கவில்லை. விரல் நுனியில் கொப்புளம். குழுவில் பிரீத்தி, “கோபத்துல வாசிக்கிறப்ப நீ நல்லா வாசிக்கிறடீ, அப்படியே இரு” என்கிறாள். கஷ்டமே இல்லை என்றேன்.

ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சேலத்தில் வாசிக்கிறோம். அம்மாவிடம் இடம் சொல்லியிருக்கிறேன். அம்மா முன்வரிசையில் உட்காருவாள்.

பெருமாயி டீச்சரும் வருகிறார். அவருக்கு மூன்றாவது வரிசையில் ஓரத்தில் இடம் போட்டிருக்கிறேன். அவர் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். நீங்கள் வருவதென்றால் அங்கேதான் உட்கார வேண்டும். நாங்கள் மேடை ஏற எப்படியும் அரை மணி நேரம் தாமதமாகும். அதுவரை அவரிடம் என்ன பேசுவதென்று என்னைக் கேட்டு எழுதாதீர்கள்.

தமிழினி